மாஸ்கோவில் ஒரு நட்பு ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பி.டி. மாஸ்டர் என்று சொன்னால்தான் உங்களுக்குச் சட்டென்று புரியும். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஃபிரெண்ட்லி மேட்ச் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், பையன்கள் முதலில் கேட்பது, "சார், கப் உண்டா?" என்பதுதான். இல்லை என்றதும் பாதிப் பேருக்குச் சுரத்து இறங்கிவிடும். தோற்றால் ஒன்றும் குறையாது, ஜெயித்தால் ஒன்றும் கூடாது, பிறகு எதற்கு வெயிலில் ஓடுவது என்று நினைப்பார்கள். அவர்களை உட்காரவைத்து ஒரு மேட்ச்சின் கதையைச் சொல்வேன். அதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன். பையன்களுக்குச் சொல்லாமல் விட்ட சில விஷயங்களும் இதில் இருக்கும்.

1955, ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோவில் டைனமோ மைதானம். பெரிய லுஷ்னிகி அரங்கம் அடுத்த வருடம்தான் திறக்கப்பட்டது. சோவியத் யூனியனும் மேற்கு ஜெர்மனியும் மோதுகின்றன. கப் இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. காகிதத்தில் அதற்குப் பெயர் நட்பு ஆட்டம்.

அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே அன்று இருந்த நட்பு எப்படிப்பட்டது என்று கேளுங்கள். மாஸ்கோவில் மேற்கு ஜெர்மனிக்குத் தூதரகம் கிடையாது. மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் சோவியத் தூதரும் கிடையாது. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து பத்து வருடமாகியும், ஜெர்மனியோடு போர் நிலை முடிந்தது என்று சோவியத் அரசு ஆணை போட்டது அந்த 1955 ஜனவரியில்தான். அதாவது ஏழு மாதம் முன்புவரை ஏட்டளவில் இவர்கள் எதிரி நாடுகள். அந்த மே மாதம்தான் மேற்கு ஜெர்மனி நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. அதே மாதம் வார்சாவில் சோவியத் தரப்பும் தன் கூட்டணிக்குக் கையெழுத்து வாங்கியது. ஜூனில், பேச வாருங்கள் என்று ஜெர்மன் பிரதமர் அடெனாவருக்கு மாஸ்கோ கடிதம் அனுப்பியது. அவர் போவதற்குள் பந்து போய்விட்டது.

மாஸ்கோக்காரர்களுக்கு ஜெர்மன்காரன் என்றால் யார்? 1941 கடைசியில் நகரத்து வாசல்வரை வந்து நின்றவன். போரில் இறந்த சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் என்கிறது இன்றைய கணக்கு. அன்று அந்த ஜனங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த கணக்கு 70 லட்சம். எண் எதுவானாலும் தன் வீட்டில் யார் இல்லை என்பது அவரவருக்குத் தெரியும். அந்த நாள் சோவியத் கால்பந்துக்கு வானொலிக் குரல் என்றால் வதிம் சின்யாவ்ஸ்கி. போர்முனையிலிருந்து நேரடியாகச் செய்தி சொல்லப் போய், செவஸ்தோபோல் நகரில் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர். மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக நாட்டுக்கே மேட்ச் காட்டினார். மைக் முன்னால் உட்கார்ந்து பேசும்போது அவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, வந்த அணி எது? உலகச் சாம்பியன். 1954 ஜூலை 4-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், யாராலும் அசைக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த ஹங்கேரியை 3-2 என்று சாய்த்துக் கோப்பையை எடுத்தவர்கள். 1950 உலகக் கோப்பைக்கு இவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த நவம்பரில்தான் ஸ்டுட்கார்ட்டில் போருக்குப் பிந்தைய முதல் மேட்ச் ஆடினார்கள். எதிராக வந்தது சுவிட்சர்லாந்து. அங்கிருந்து நாலே வருடத்தில் உலகக் கோப்பை. கோப்பைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அணியில் பல பேருக்கு மஞ்சள் காமாலை. பெல்ஜியத்திடம் தோல்வி, பிரான்சிடம் தோல்வி, வெம்ப்ளியில் இங்கிலாந்திடம் தோல்வி. மாஸ்கோவுக்கு வரும்போது பட்டம் இருந்தது, பழைய தெம்பு இல்லை.

சோவியத் அணியோ அந்த உலகக் கோப்பைக்கே போகவில்லை. அதற்கு ஒரு பின்கதை உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவோடு ஆடினார்கள். 5-1 என்று பின்தங்கியிருந்து 5-5 ஆக்கி, மறு ஆட்டத்தில் 3-1 என்று தோற்றார்கள். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் அப்போது ஜென்மப் பகை. ஊர் திரும்பியதும், அந்த ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளர் நடத்திவந்த ராணுவ கிளப் அணியையே கலைத்துவிட்டார்கள். நம் ஊரில் தோற்ற அணியை இரண்டு நாள் திட்டுவோம், அங்கே அணியே இல்லாமல் போயிற்று. ஸ்டாலின் 1953-ல் இறந்துவிட்டார் என்றாலும் அந்தப் பயம் அதற்குள் போயிருக்குமா? ஜெர்மன்காரர்களிடம், அதுவும் மாஸ்கோவில், அதுவும் ஜனங்கள் முன்னால் தோற்றால் என்ன ஆகும் என்று பயிற்சியாளர் கச்சாலினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நான் இந்த மேட்ச்சை விடாமல் பேசுவதற்குக் காரணமான ஆளிடம் வருகிறேன். ஜெர்மன் கேப்டன் ஃப்ரிட்ஸ் வால்டர். கைசர்ஸ்லாவுட்டர்ன் ஊர்க்காரர், அன்று வயது 34. தேசிய அணிக்கு முதலில் ஆடியது 1940-ல். போர் நடக்கும்போதும் ஹிட்லர் ஜெர்மனி வெளிநாட்டு அணிகளோடு ஆடிக்கொண்டுதான் இருந்தது. 1942 மே மாதம் புடாபெஸ்ட்டில் ஹங்கேரியை 5-3 என்று ஜெயித்த மேட்ச்சிலும் வால்டர் உண்டு. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

அந்த வருடக் கடைசியோடு தேசிய அணியின் ஆட்டங்கள் நின்றன. வால்டர் பிறகு விமானப் படையில் ஒரு பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். பிரிவின் தலைவர் ஹெர்மன் கிராஃப் பேர்பெற்ற போர் விமானி, கால்பந்துப் பைத்தியம். தனக்கென்று ஒரு அணியே வைத்திருந்தார். 1945 மே மாதம் அந்தப் பிரிவு அமெரிக்கர்களிடம் சரணடைந்தது. அமெரிக்கர்கள் அவர்களைச் சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கைதிகளைக் கிழக்கே அனுப்பும் வழியில் மாரமரோஷ்சிகெட் என்ற ஊரில் ஒரு முகாம் இருந்தது. இன்று அந்த ஊர் ருமேனியாவில் இருக்கிறது. அங்கே காவலுக்கு நின்ற ஹங்கேரிக்காரர்களும் ஸ்லோவாக்கியர்களும் ஓய்வு நேரத்தில் பந்து உதைப்பார்கள். வால்டர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அவர் பக்கம் வந்தது. அவர் திருப்பி உதைத்தார்.

அந்த ஒரு உதை போதுமாயிருந்தது. உள்ளே வா என்று கூப்பிட்டு ஆடவிட்டார்கள். காவலர்களில் ஒருவர் இவரையே உற்றுப் பார்த்துவிட்டு, உன்னை எனக்குத் தெரியும், புடாபெஸ்ட்டில் நீ ஆடியதைப் பார்த்திருக்கிறேன் என்றாராம். அடுத்து, ரஷ்யாவுக்குப் போக வேண்டியவர்கள் பட்டியலில் ஃப்ரிட்ஸ் வால்டர் பெயரும் அவர் தம்பி லுட்விக் பெயரும் இல்லை. இவர்கள் ஜெர்மன்காரர்களே இல்லை, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சார்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று அந்தக் காவலர் மேலே சொல்லியிருக்கிறார். 1945 அக்டோபரில் இரண்டு பேரும் வீட்டில். இதைப் பிற்காலத்தில் வால்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் காவலரின் பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது. தலைவர் கிராஃப் ஊர் திரும்பியது 1949-ல். இன்னும் பலர் 1955-லும் திரும்பவில்லை.

அப்படித் தப்பித்த மனிதர்தான் பத்து வருடம் கழித்து, தன் காலாலேயே நடந்து மாஸ்கோ மைதானத்துக்குள் வருகிறார். அதுவும் கேப்டனாக. ஜெர்மனியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூடவே வந்திருந்தார்கள். போர் முடிந்து அத்தனை ஜெர்மன்காரர்கள் தங்கள் விருப்பத்தோடு அந்த ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எதிர்ப்பக்கம் கோல் கம்பங்களுக்கு நடுவே லெவ் யாஷின். அன்று வயது 25, தேசிய அணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போர்க்காலத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் உலோக வேலை பார்த்த பையன். முன்வரிசை ஐந்து பேரும் ஸ்பார்டக் கிளப்காரர்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்பது அடுத்தவருக்குப் பார்க்காமலே தெரியும். ஜெர்மன் கோல்கீப்பர் ஃப்ரிட்ஸ் ஹெர்கென்ராத் என் ஜாதி, அதாவது வாத்தியார். அவருக்குப் பட்டப்பெயரே பறக்கும் வாத்தியார்.

மேட்ச்சுக்கு வருவோம். 16-வது நிமிடம் சோவியத் அணியின் பர்ஷின் முதல் கோலைப் போட்டார். அரங்கம் அதிர்ந்தது. 29-வது நிமிடம் சமன் ஆயிற்று. போட்டது யார் தெரியுமா? வால்டரேதான். ரஷ்யாவுக்குக் கைதியாகப் போக வேண்டியிருந்த மனிதர் ரஷ்யர்களின் வலையில் பந்தைப் போட்டுவிட்டார். பையன்களுக்கு இதைச் சொல்லும்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். யாராவது ஒருத்தன் கை தட்டுவான்.

இடைவேளை முடிந்து வந்த சில நிமிடத்தில் இடது விங் ஆட்டக்காரர் ஹான்ஸ் ஷேஃபர் இரண்டாவதைப் போட்டார். ஜெர்மனி 2, சோவியத் யூனியன் 1. இதுதான் எல்லோரும் பயந்த நிலைமை. அடுத்த கால்மணி நேரம் அந்த ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் வயிற்றை நினைத்துப் பாருங்கள். கச்சாலினின் வயிற்றை இன்னும் அதிகமாக நினைத்துப் பாருங்கள். சோவியத் அணி மேலேறி மேலேறி ஆடியது. 69-வது நிமிடம் நடு ஆட்டக்காரர் மஸ்லியோன்கின் சமன் செய்தார். நாலு நிமிடம் கழித்து இடது விங்கிலிருந்து இலின் மூன்றாவதைப் போட்டார். 3-2. அதே எண்ணிக்கையில்தான் போன வருடம் ஜெர்மனி உலகக் கோப்பையை ஜெயித்தது.

பந்தய நிலவரம் அவ்வளவுதான். விசில் ஊதி முடிந்ததும் யாரும் யாரையும் அடித்துக்கொள்ளவில்லை. நான் ரசிக்கிற விஷயம் அது. உள்ளூர் டோர்னமென்ட்டில் த்ரோ-இன் யாருக்கு என்று கழி எடுத்த கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நம் ஊர் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கசப்புதான். அதே 1955 தொடக்கத்தில் சோவியத் அணி இந்தியா வந்து டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போனது. பதிலுக்கு நம் அணி சோவியத் யூனியனுக்குப் போயிற்று. செப்டம்பர் 16-ஆம் தேதி மாஸ்கோவில் முடிவு 11-1. இந்தியக் கால்பந்து வரலாற்றில் மிகப் பெரிய தோல்வி அதுதான். உலகச் சாம்பியனே தாக்குப்பிடிக்க முடியாத அணியிடம் நாம் வாங்கியதை, அதற்கு முந்தைய மாதத்து ஜெர்மன் மேட்ச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அடுத்த வருடம் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்குத் தங்கம், நமக்கு நான்காம் இடம். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு.

ஜெர்மன் அணி ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள், செப்டம்பர் 8-ஆம் தேதி, அடெனாவர் மாஸ்கோ வந்து இறங்கினார். ஒட்டுக்கேட்பார்கள் என்ற சந்தேகத்தில் ஒரு தனி ரயிலையே வரவழைத்து அதில் அலுவலகம் வைத்துக்கொண்டார். ஆறு நாள் பேச்சுவார்த்தை. நடுவில் சுடுசொற்களும் பறந்தன. கைதிகளை விடுங்கள் என்று அடெனாவர் கேட்க, எங்களிடம் போர்க்கைதிகளே இல்லை, தண்டனை பெற்ற போர்க் குற்றவாளிகள் 9,626 பேர்தான் இருக்கிறார்கள் என்றார் சோவியத் பிரதமர் புல்கானின். கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. தூதர்கள் வருவார்கள், கைதிகள் போவார்கள். அக்டோபரிலிருந்து மேற்கு ஜெர்மனியின் ஃப்ரீட்லாண்ட் எல்லை முகாமுக்கு ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். பெயர் எழுதிய அட்டையையும் மகனின் போட்டோவையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள். இந்த ஆள் உங்களோடு இருந்தானா என்று இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். மேட்ச் நடந்ததால்தான் கைதிகள் விடுதலையானார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடெனாவருக்கான கடிதம் மேட்ச்சுக்கு முன்பே போய்விட்டது.

கடைசியாக, பையன்களுக்கு நான் சொல்லாமல் விட்டது.

ஆட்டம் தொடங்குமுன் நடு வட்டத்தில் கேப்டன்கள் கைகுலுக்குவார்கள் அல்லவா? வால்டருக்கு எதிரே கை நீட்டிய சோவியத் கேப்டன் ஈகோர் நெட்டோ, 25 வயது, ஸ்பார்டக் ஆட்டக்காரர். அவருக்கு லெவ் என்று ஒரு அண்ணன். போரில் ஜெர்மன்காரர்கள் அந்த அண்ணனைச் சிறைபிடித்தார்கள். போர் முடிகிற நேரத்தில் அமெரிக்கர்கள் விடுவித்தார்கள். அங்கேயே எங்காவது தங்கிவிடாமல் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தார். 1948-ல் சோவியத் போலீஸ் அவரைக் கைது செய்தது. 25 வருடத் தண்டனை. துருவத்தை ஒட்டிய நோரில்ஸ்க் முகாமுக்கு அனுப்பினார்கள். தம்பி மாஸ்கோவில் அணியை நடத்திக்கொண்டு மைதானத்துக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அண்ணன் விடுதலையாகவில்லை.

லெவ் நெட்டோ வெளியே வந்தது 1956-ல். ஃப்ரீட்லாண்டுக்கு வர வேண்டிய ஜெர்மன் கைதிகளின் கடைசி ரயில் அந்த வருட ஜனவரியிலேயே வந்து சேர்ந்துவிட்டது. செப்டம்பரில் ஹனோவர் நகரில் இரண்டு அணிகளும் மறுபடி ஆடின. சோவியத் 2, ஜெர்மனி 1. அதுவும் நட்பு ஆட்டம்தான்.

நன்றி. வணக்கம்.