பின்னால் நிற்பவரின் குரல்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழு ஒன்றின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குழுவின் பெயர் ஆர்.இ.எம். ஆல்பத்தின் பெயர் 'ரெக்கனிங்'. 1984 ஏப்ரலில் வெளிவந்தது. மொத்தம் பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'லூசிங் மை ரிலீஜியன்' பாட்டு உங்கள் காதில் விழுந்திருந்தால் இவர்களை ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். அந்தப் பெரும்புகழ் 1991-இல் வந்தது. நான் பேசப்போவது அதற்கு ஏழு வருடம் முன்பு, வேனில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்களைப் பற்றி.

ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே பாழடைந்த ஒரு தேவாலயக் கட்டடத்தில், தெரிந்தவர் ஒருவரின் பிறந்தநாள் விருந்தில், 1980 ஏப்ரலில் இவர்கள் முதன்முதலாக மேடையேறினார்கள். பாடியவர் மைக்கேல் ஸ்டைப். கிதார் வாசித்த பீட்டர் பக், ரெக்கார்டு விற்கும் கடையில் வேலை பார்த்தவர். தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதார் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெர்ரி. மில்ஸும் பெர்ரியும் மேக்கன் என்ற ஊரில் பள்ளி நாட்களிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் வாசித்த மாதிரி ராக்குக்குப் பின்னாளில் வந்த 'ஆல்டர்நேடிவ் ராக்' என்ற பெயர் அப்போது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. காலேஜ் ராக் என்பார்கள். வணிக வானொலிகள் இந்த மாதிரிப் பாட்டுகளைச் சீந்தாது. நள்ளிரவில் மாணவர்களே உட்கார்ந்து தட்டு மாற்றும் பல்கலைக்கழக வானொலிகள்தான் இவர்களை வளர்த்தன. வானொலியில் பேசும்போது இதைச் சொல்லாமல் எப்படி விடுவது?

முதல் ஆல்பம் 'மர்மர்' 1983-இல் வந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த அதே வருடத்தில், ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் 'மர்மர்'தான் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றார்கள். முதல் படைப்புக்கே இப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அடுத்ததற்குக் கை நடுங்கும். இவர்கள் அதற்கு நேரமே கொடுக்கவில்லை. 1983 டிசம்பரிலும் 1984 ஜனவரியிலுமாக, வட கரோலினாவின் ஷார்லட் நகரில் இருந்த ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டுடியோவில், சில வாரங்களுக்குள் பதிவை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் பழைய ஆட்களே: மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்சனும்.

'மர்மர்' பனிமூட்டத்துக்குள் கேட்பது போல இருக்கும். அழகுதான், ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. 'ரெக்கனிங்'கில் பனி விலகிவிட்டது. சிந்தசைசரும் டிரம் மெஷினும் கோலோச்சிய 1984-இல், நாலு பேர் ஓர் அறையில் நின்று வாசிப்பது அப்படியே கேட்கிறது. பக் கிதாரை அடித்து நொறுக்குவதில்லை. ரிக்கன்பேக்கர் கிதாரின் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே போவார், மணி மணியாக விழும். விமர்சகர்கள் எல்லாரும் இதைத்தான் எழுதுவார்கள். அப்புறம், ஸ்டைப் பாடும் வரிகள் புரிவதில்லை என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஆல்பத்தின் நாயகன் மைக் மில்ஸ்தான்.

இளையராஜா பாடல்களில் பேஸ் கிதாரைத் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும். மில்ஸின் பேஸ் தாளத்துக்குக் காவல் நிற்பதில்லை, தானும் ஒரு மெட்டுப் பாடுகிறது. போதாததற்கு அவர் குரலும் இருக்கிறது. முதல் பாட்டு 'ஹார்பர்கோட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டைப் தாழ்ந்த குரலில் ஒன்று பாடிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மில்ஸும் பெர்ரியும் வேறு வரிகளை வேறு மெட்டில் பாடுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில். முதல் தடவை குழப்பமாக இருக்கும். அடுத்த தடவை, பின்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதுவே ஒரு முழுப் பாட்டு என்பது தெரியும்.

ஸ்டைப்புக்கு அந்தப் பதிவு லேசாக இருக்கவில்லை. '7 சைனீஸ் பிரதர்ஸ்' பாட்டின்போது குரல் எழும்பவே இல்லை, முனகலாகவே வந்தது. டிக்சன் அங்கே கிடந்த ஒரு கிறிஸ்தவ பக்திப்பாடல் ரெக்கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஸ்டைப் என்ன செய்தார் தெரியுமா? அந்த அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த அறிமுகக் குறிப்பை, பாடகர் பெயர்களோடு சேர்த்து, தன் பாட்டின் இசைக்கு மேல் அப்படியே பாடித் தள்ளிவிட்டார். குரல் திறந்துகொண்டது, பிறகு உண்மையான வரிகளையும் பாடி முடித்தார். அந்த அட்டைப் பாட்டு 'வாய்ஸ் ஆஃப் ஹரால்ட்' என்ற பெயரில் 1987-இல் ஒரு தொகுப்பில் வந்திருக்கிறது. அசல் பாட்டைவிட அதை ரசிப்பவர்களும் உண்டு.

'சௌத் சென்ட்ரல் ரெயின்' பாட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1983 அக்டோபரில் டேவிட் லெட்டர்மேனின் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை வாசித்தபோது அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. லெட்டர்மேன் பக்கிடமும் மில்ஸிடமும் பேச்சுக் கொடுக்கிறார். பாடகர் ஸ்டைப்போ முகம் கொடுக்காமல் பின்னால் டிரம்ஸ் மேடையோரம் உட்கார்ந்திருக்கிறார்! கூச்சம்தான். ஆனால் பாட ஆரம்பித்ததும் மன்னிப்புக் கேட்கும் அந்த ஒற்றைச் சொல்லை அவர் இழுத்துப் பாடுவதைக் கேட்டால், கூச்சமெல்லாம் எங்கே போயிற்று என்று இருக்கும்.

'ராக்வில்' பாட்டு மில்ஸ் எழுதியது. மேரிலாண்டில் இருக்கும் ராக்வில் என்ற ஊருக்குத் திரும்பப்போகும் ஒரு பெண்ணிடம் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. ஆரம்ப நாட்களில் மேடையில் விறுவிறுவென்று வாசித்துவந்ததை, இங்கே வேகத்தைக் குறைத்து, பியானோ சேர்த்து, அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமத்துச் சாயல் கொண்ட 'கண்ட்ரி' பாட்டாக மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய பாட்டான 'கேமரா' விபத்தில் இறந்துபோன ஒரு தோழியை நினைத்துப் பாடியது. மெதுவாக நகரும், அவசரப்படாமல் கேளுங்கள்.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். 'செகண்ட் கெஸ்ஸிங்' எனக்கு ஒட்டவே இல்லை. 'டைம் ஆஃப்டர் டைம்' பாட்டைப் பலருக்குப் பிடிக்காது. பேவ்மென்ட் என்ற குழு 1993-இல் இந்த ஆல்பத்தைக் கொண்டாடி ஒரு பாட்டே வெளியிட்டது. அதில் சில பாட்டுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து, தங்களுக்கு ஆகவே ஆகாதது இதுதான் என்று 'டைம் ஆஃப்டர் டைம்'மைப் போட்டுக்கொடுத்தார்கள். உண்மையான ரசிகன் இப்படித்தான் இருப்பான்.

அட்டைப்படத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டைப் இரண்டு தலைப் பாம்பு ஒன்றை வரைந்து கொடுக்க, அதை நிரப்பித் தந்தவர் ஹோவர்ட் ஃபின்ஸ்டர். மத போதகராக இருந்தவர், சைக்கிள் பழுதுபார்த்தவர், தன் வீட்டுத் தோட்டத்தைப் பழைய சாமான்களாலேயே ஒரு சொர்க்கமாகக் கட்டியவர். ஏதென்ஸ் இருக்கும் அதே ஜார்ஜியாவில் வாழ்ந்தவர்தான்.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 27-ஆம் இடம் வரை ஏறியது. காலேஜ் வானொலிகளை நம்பி வந்தவர்களுக்கு அது பெரிய இடம்.

சரி, நிலையத்தார் இப்போது 'சௌத் சென்ட்ரல் ரெயின்' போடுகிறார்கள். கடைசியில் வார்த்தைகள் தீர்ந்து, பியானோ மேல் வெறும் அலறல் மட்டும் வரும். சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். அதற்கு முன், பாட்டு முழுக்க அந்த பேஸ் கிதார் எங்கே போகிறது என்று பாருங்கள். வணக்கம்.