கிக்கப்பூ ஆற்றோரத்துக் கறுப்புச் சதுரங்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில், வெர்னன் கவுன்டி என்றொரு வேளாண் பகுதி இருக்கிறது. கறவை மாடுகளும் மக்காச்சோளமும் ஒரு காலத்தில் புகையிலையும் அங்குள்ள குடியானவர்களுக்குச் சோறு போட்டன. அந்தப் பகுதிக்காக, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை அச்சிட்ட நிலத்தோற்ற வரைபடங்களைப் பற்றியே இன்று பேசுகிறேன். பல ஆண்டுகளாக நான் விரித்து வைத்துப் படித்துவரும் தாள்கள் இவை.

படத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 2,000 அடி. ஒரு தாளுக்குள் ஏறக்குறைய 54 சதுர மைல் நிலம் அடங்கிவிடும். நீருக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, மேடுபள்ளத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகளுக்குப் பழுப்பு, மனிதர் கட்டியவற்றுக்குக் கறுப்பு என நிறங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்தான சரிவு என்றும், விலகி நின்றால் சமவெளி என்றும் கொள்ள வேண்டும். படத்தைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

கறுப்பு நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் வசிக்கும் வீடு, நிரப்பப்பட்ட சிறிய கறுப்புச் சதுரமாக இருக்கும். மாட்டுக் கொட்டகையும் களஞ்சியமும் உள்ளே வெறுமையான கட்டமாக இருக்கும். பெருநகரங்களின் நெருக்கமான தெருக்களுக்கு வரும்போது இதே துறை தனி வீடுகளை வரையாமல் விட்டு, அந்தப் பரப்பு முழுவதற்கும் இளஞ்சிவப்பைப் பூசி, பள்ளி, தேவாலயம் போன்ற முக்கியக் கட்டடங்களை மட்டும் காட்டியது. சிகாகோவில் வாழ்ந்த செல்வந்தரின் மாளிகைக்குக் கிடைக்காத இடம், வெர்னன் கவுன்டியின் மலைமடிப்பில் இருபது மாடு வைத்திருந்த குடியானவரின் வீட்டுக்குக் கிடைத்தது. மை அதிகம் தேவைப்படாத இடத்தில் மை கிடைத்தது, அவ்வளவுதான் என்று சிலர் வாதிடலாம். ஆயினும் எளிய மனிதரின் வீட்டை அதன் இடத்திலேயே குறித்து வைத்த ஆவணங்கள் உலகில் மிகக் குறைவு என்பதால், இந்தச் சதுரங்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மலைமடிப்பு என்றேன். பனியுகத்தில் சுற்றுப்புறம் முழுவதையும் பனிப்பாறைகள் இழைத்துத் தட்டையாக்கிவிட்டன. இந்தப் பகுதியை மட்டும் அவை தொடவில்லை. எனவே, மேற்கே அயோவா மாநிலத்தின் படங்களில் ஒரு மைலுக்கு ஒன்று எனச் சாலைகள் நேர்கோடாக ஓட, இங்கோ சாலைகள் மலைமுதுகிலும் ஓடையோரத்திலும் வளைந்து வளைந்து செல்கின்றன. 1785ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மைலுக்கு ஒரு மைல் எனப் பிரிக்கப்பட்ட 640 ஏக்கர் கட்டங்களின் எல்லைகள், மலையென்றும் பள்ளமென்றும் பாராமல், சிவப்புக் கோடுகளாக அவற்றின்மேல் ஏறி இறங்குகின்றன. இதே கவுன்டியின் கூன் பள்ளத்தாக்கில்தான், மண்ணரிப்பு தாங்காமல், சரிவின் உயரத்தை ஒட்டி வளைத்து உழும் முறை 1933இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் அரசின் உதவியோடு செய்து காட்டப்பட்டது. படத்தில் பழுப்பு மையில் காணும் வளைவுகளையே குடியானவர்கள் கலப்பையால் நிலத்தில் வரைந்தார்கள்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்பும் செய்தி. லா ஃபார்ஜ் என்ற சிற்றூருக்கு வடக்கே கிக்கப்பூ ஆறு பாம்புபோல் நெளிந்து வரும் பள்ளத்தாக்கில், வெள்ளத்தைத் தடுக்க ஓர் அணை கட்ட 1962இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. நிலம் கையகப்படுத்தப்பட்டது, ஏறத்தாழ 140 குடும்பங்கள் தங்கள் பண்ணைகளை விட்டு வெளியேறின. வீடுகளும் கொட்டகைகளும் இடிக்கப்பட்டன. 1971இல் தொடங்கிய கட்டுமானம், செலவு ஏறியதாலும், தேங்கும் நீரின் தரம் குறித்து ஐயங்கள் எழுந்ததாலும், 1975இல் நின்றுபோனது. அணை முடியவில்லை, ஏரி நிரம்பவில்லை, போன குடும்பங்களும் திரும்பவில்லை. நூறடிக்கும் மேல் உயரமான கான்கிரீட் கோபுரம் ஒன்று மட்டும் அங்கே நிற்கிறது. அந்த நிலம் இன்று கிக்கப்பூ பள்ளத்தாக்குக் காப்பகமாக, மாநில அரசும் ஹோ-சங்க் பழங்குடியினரும் சேர்ந்து பேணும் காடாக இருக்கிறது.

அணைக்கு முந்தைய தாளை எடுத்து அந்தப் பள்ளத்தாக்கில் விரலை வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஓடை ஆற்றில் சேரும் மூலையில் ஒரு கறுப்புச் சதுரம், பக்கத்தில் வெறுமையான கட்டம் ஒன்று, அங்கிருந்து சாலைக்கு, விட்டு விட்டு வரைந்த இரட்டைக் கோடாக ஒரு மண்பாதை. மேடான இடத்தைப் பார்த்து வீட்டைக் கட்டி, நீருக்கு அருகில் கால்நடையை வைத்த ஒரு குடும்பத்தின் அறிவு அந்த மூன்று குறிகளிலும் தெரிகிறது. நீரில் மூழ்காத நிலத்திலிருந்து அவர்கள் அகற்றப்பட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. மீண்டும் சொல்கிறேன், நேயர்களே: அந்த வீடுகள் இன்று இல்லை, ஆனால் அவை இருந்த இடம் தவறாமல் அந்தத் தாளில் இருக்கிறது.

பள்ளிக்கூடங்களைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கொடி பறக்கும் சிறு கட்டமாகச் சாலைச் சந்திகளில் தென்படும் ஓராசிரியர் பள்ளிகள், விஸ்கான்சினில் 1960களின் தொடக்கத்தோடு ஏறக்குறைய மறைந்துவிட்டன. பிந்தைய பதிப்புகளில் அந்தக் கொடிகள் இல்லை. நேரம் நெருங்குகிறது.

எனவே ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். இந்தப் பழைய தாள்களை நிலவியல் அளவைத் துறையே ஸ்கேன் செய்து, இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. பதிவிறக்கியதும் தாளின் அடிவிளிம்பைப் பாருங்கள். விமானத்திலிருந்து வான்படம் எடுத்த ஆண்டும், களத்தில் சென்று சரிபார்த்த ஆண்டும் அங்கே தனித்தனியே அச்சாகியிருக்கும். ஊதா நிறத்தில் ஏதேனும் இருந்தால், அது பின்னாளில் வான்படத்தை மட்டும் பார்த்து, பெரும்பாலும் களத்துக்குப் போகாமலே சேர்த்த திருத்தம். அதைக் கறுப்பு மையின் அளவுக்கு நம்ப வேண்டாம். வணக்கம்.