சண்டைக்கு முன்னால் ஒரு டேப்

நேயர்களுக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறிவிடுவார்கள். பராமரிப்புப் பணத்தை ஏற்றினால் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தன் வண்டி நிற்கும் இடத்தில் அடுத்தவர் வண்டி நின்றுவிட்டால் போச்சு. போன மாசம் பெண் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைத்த வீட்டுக்காரரிடமே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தென்சென்னையில் பதினாறு வீடுகள் கொண்ட ஒரு பழைய குடியிருப்பில் செயலாளராக இருந்தவன் நான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வக்கீலும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. பார்க்கிங் பஞ்சாயத்து பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே இடிக்கிற மாதிரி நிறுத்துகிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இடத்தை அளந்து பாருங்கள். பாதித் தகராறு அங்கேயே நின்றுவிடும்.

ஏன் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அடிக்கணக்கில் அகலம் எட்டடி இரண்டு அங்குலம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் ஓட்டிய மாருதி 800 காரின் அகலம் 1.44 மீட்டர்தான். அந்த இடத்தில் அதை நிறுத்தினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். கதவைத் தாராளமாகத் திறந்து, புடவை அழுக்காகாமல் இறங்கலாம். இப்போது அதே இடத்தில் இன்னோவா கிரிஸ்டா வந்து நிற்கிறது. அதன் அகலம் 1.83 மீட்டர். மிச்சம் 67 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஓரடியும் ஓர் அங்குலமும்தான். அதில் எந்த மனிதர் இறங்குவார்? ஓட்டுபவர் தன் கதவு திறக்க வேண்டுமே என்று வண்டியை எதிர்ப்பக்கம் ஒதுக்குவார். அது பக்கத்து இடத்துக்குள் போகும். பக்கத்துக்காரர் இன்னும் கொஞ்சம் ஒதுக்குவார். கடைசியில் மூலையில் இருப்பவர் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இன்ஜின் இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அகலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நீளத்தில் நான்கு மீட்டரைத் தாண்டாமல் அகலத்தில் மட்டும் பெருத்துக்கொண்டே போன வண்டிகளைத்தான் இன்று அதிகம் பார்க்கிறோம். இன்றைய குட்டி எஸ்.யூ.வி.கள் பலவும் 1.8 மீட்டரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நம் தூண்கள் மட்டும் பில்டர் நட்ட இடத்திலேயே இருக்கின்றன.

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒருவர். அவர் கார் எப்போதும் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு சாண் இந்தப் பக்கம் நிற்கும். பக்கத்து இடம் ஒரு பள்ளி ஆசிரியையுடையது. அவர் வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டார். இவர் பதில் போடவில்லை. அவர் இன்னொரு படம் போட்டார். இவர் குழுவை விட்டே வெளியேறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரையும் கீழே வரச்சொல்லி, வாட்ச்மேனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னோம். கோட்டிலிருந்து தூண் வரைக்கும் சரியாக இரண்டரை மீட்டர் இருந்தது. ஆனால் தூணை ஒட்டி மொட்டை மாடி மழைத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. அது உடையாமல் இருக்க எப்போதோ யாரோ அதைச் சுற்றி முட்டி உயரத்துக்கு சிமென்ட் பூசி வைத்திருந்தார்கள். எப்போதும் அதன் முன்னால் ஒரு பழைய சைக்கிள் சாத்தி வைத்திருந்ததால் அவரைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை. சைக்கிளை நகர்த்திவிட்டு மறுபடி அளந்தால் இரண்டேகால் மீட்டர்கூடத் தேறவில்லை. ஆசிரியை அந்த சிமென்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார். "நீங்க எங்க மேடம் கேட்டீங்க, நேரா படத்தையில்ல போட்டீங்க" என்றார் இவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆசிரியையிடம் இருந்தது சின்ன வண்டி. இடத்தை மாற்றிக்கொண்டார்கள். சங்கக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்தக் கையெழுத்து முக்கியம். வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்ட இடம், வீடு கைமாறும்போது மறுபடி வம்பாகும்.

அதற்காக, நிறுத்துகிறவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, "அஞ்சே நிமிஷம்" என்று மாடிக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இ.பி. மீட்டர் பெட்டியின் கதவைத் திறக்க முடியாதபடி ஒட்டி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தினால் மூன்று வண்டி நிற்கும் இடத்தில், சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஹேண்டிலையும் பூட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம்.

ஆனால் அடாவடி எது, தெரியாமல் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கோடைக்காலம், தண்ணீர் லாரி வந்து வாசலில் நிற்கிறது. தண்ணீரை இறக்க வேண்டிய சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, அதன் மூடியின் மேல் ஒரு கார். வண்டி மூன்றாவது மாடியில் வாடகைக்கு வந்த ஐ.டி. பையனுடையது. இரவு ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் வந்து படுத்திருக்கிறான். போன் சைலண்டில். கதவைத் தட்டிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. லாரி டிரைவர், "இன்னும் நாலு லோடு இருக்கு சார்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பதினாறு வீட்டுக்கும் அன்று தண்ணீர் இல்லை. சாயங்காலம் எழுந்து வந்த பையனைச் சுற்றிப் பெரிய கூட்டம். அவன் சொன்னது ஒன்றுதான்: "அங்கிள், அது சம்ப் மூடின்னே எனக்குத் தெரியாது. நான் வந்து மூணு வாரம்தான் ஆகுது." உண்மைதான். இரும்பு மூடி புழுதி படிந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது. வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில். வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கிறது. வண்டியை எங்கே விட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அடுத்த நாளே மூடியைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் கட்டம் போட்டோம். வாடகைக்கு வருகிற எவருக்கும் சாவி கொடுக்கும்போதே பார்க்கிங் இடத்தை நேரில் காட்டிவிட வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு எழுதினோம்.

முன்பெல்லாம் இடம் போதாத குடியிருப்புகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் காருக்குப் பின்னால் இன்னொருவர் காரை நிறுத்துவார். ஹேண்ட் பிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுப் போவார். முன்னால் இருப்பவர் வெளியே போக வேண்டுமானால் வாட்ச்மேனும் அவருமாகப் பின்வண்டியைத் தள்ளி நகர்த்திக்கொள்வார்கள். சமதளமாக இருக்கும் இடத்தில் அது நன்றாகவே நடந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியும், பட்டனை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் பிரேக்கும் வந்த பிறகு அந்த ஏற்பாடு செத்துப்போனது. 'பி' என்கிற பார்க்கிங் கியரில் நிற்கிற வண்டியை எட்டுப் பேர் தள்ளினாலும் அசையாது. இன்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிறவர்கள் ஒன்று, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்க வேண்டும், இல்லை, காலையில் யார் முதலில் கிளம்புவார் என்று முதல்நாள் இரவே பேசிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் போன் நம்பர் எழுதிய அட்டை வைப்பது இரண்டுக்கும் குறைந்தபட்சம். அந்த போனை எடுக்கவும் வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். "நான் பார்க்கிங்குக்குத் தனியாக லட்சக்கணக்கில் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. மும்பை தஹிசரில் ஒரு குடியிருப்பு: 56 வீடுகள், ஸ்டில்ட் எனப்படும் தூண் தளத்தில் 25 கார் இடங்கள். அந்த இடங்கள் எனக்குச் சொந்தம், தனியாக விற்பேன் என்றார் பில்டர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஆகஸ்ட் 31 அன்று வந்த தீர்ப்பு, திறந்த வெளியும் தூண் தளமும் எல்லோருக்கும் பொதுவான பகுதி, பில்டர் தனியே விற்க முடியாது என்று சொல்லியது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு என்பதையும் மறக்கக் கூடாது. பிறகு வந்த 2016 ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா என்கிறோமே, அது திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில் சேர்த்திருக்கிறது. ஆகவே உங்கள் பத்திரத்தையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வரைபடத்தில் விசிட்டர் பார்க்கிங் என்று போட்ட இடம், யாரோ ஒருவருடைய பத்திரத்தில் அவருக்கென்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸுக்கு போன் செய்யலாமா என்றால், கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் அகற்றவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிடும் அதிகாரத்தைச் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்குத்தான் கொடுக்கிறது. சங்கச் செயலாளருக்குக் கொடுக்கவில்லை. காற்றைப் பிடுங்கிவிடுகிற பையன்களுக்கும் கொடுக்கவில்லை. காம்பவுண்டுக்கு உள்ளே என்றால், "நீங்களே பேசித் தீர்த்துக்குங்க சார்" என்பதுதான் ஸ்டேஷனில் வழக்கமாகக் கிடைக்கிற பதில்.

தெருவில் கதை வேறு. உங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு நிறுத்துவது தவறு. தாராளமாகப் புகார் செய்யலாம். ஆனால் கேட்டை விட்டுச் சுவரோரமாக நிற்கிற வண்டியை விரட்ட உங்களுக்கு உரிமை இல்லை. அந்தத் தெரு உங்கள் பட்டாவில் இல்லை. பூந்தொட்டி, மணல் மூட்டை, சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பா, சொந்தச் செலவில் எழுதிய 'நோ பார்க்கிங்' பலகை எல்லாம் அனுமதியில்லாமல் வைத்தால் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024இல் எச்சரித்தது. எங்கள் தெருவில் பலகைகள் ஒரு வாரம் காணாமல் போயின. பிறகு மெதுவாகத் திரும்பி வந்துவிட்டன.

பேசுகிற விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை எட்டரை மணிக்கு, அவர் கையில் டிபன் பையும் பிள்ளையின் ஸ்கூல் பேக்கும் இருக்கும்போது பேசாதீர்கள். இரவு பதினோரு மணிக்குக் குழுவில் படம் போடாதீர்கள். பதினைந்து பேர் பார்த்துவிட்டார்கள் என்றால் தப்பு தன் பேரில்தான் என்று தெரிந்தாலும் எந்த மனிதரும் இறங்கி வர மாட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, எத்தனை மணிக்கு யார் வண்டி வெளியே போக வேண்டும் என்று நேரத்தை வைத்துப் பேசுங்கள். "உங்களுக்கு மரியாதை தெரியாதா" என்று தொடங்கினால் பேச்சு மரியாதையைப் பற்றியதாகிவிடும். வண்டி அங்கேயேதான் நிற்கும். இரண்டு தடவை பேசியும் கேட்காதவருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் சங்கத்துக்கும் அதன் துணை விதிகளுக்கும் முன்னைவிடப் பிடிமானம் தருகிறது. பார்க்கிங் ஒதுக்கீட்டை எழுதாத துணை விதி எதற்கும் உதவாது.

மழைக்காலத்துக்கு என்று தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும். 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசை கட்டி நின்ற கார்களைப் பார்த்தீர்களே. எங்கள் தூண் தளத்தில் கிணற்றுப் பக்கத்து மூலையில்தான் முதலில் தண்ணீர் ஏறும். எச்சரிக்கை வந்தால் அந்த நான்கு வண்டிகளுக்கு மேட்டுப் பக்கம் இடம் விட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். சாதாரண நாளில் ஒரு சாணுக்குச் சண்டை போடுகிறவர்கள், அன்றைக்கு நடு ராத்திரியில் இறங்கி வந்து மற்றவர் வண்டிக்கு ரிவர்ஸ் பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது எங்களுக்கு வந்திருக்கிற புதுத் தலைவலி மின்சார வண்டி. சில குடியிருப்புகளில் இடம் போதாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுழற்சியில் இடம் மாற்றுவார்கள். எங்கள் இடத்திலும் பாதிப் பேருக்கு அதுதான் ஏற்பாடு. ஒருவர் மின்சாரக் கார் வாங்கி, தன் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்து, தூணில் சார்ஜர் பெட்டியையும் மாட்டிவிட்டார். அடுத்த சுழற்சியில் அந்த இடம் வேறொருவருக்குப் போக வேண்டும். பெட்டியைக் கழற்றுவதா, அந்த இடத்தை அவருக்கே நிரந்தரமாக்குவதா, இல்லை எல்லோரும் பணம் போட்டுப் பொதுச் சார்ஜர் வைப்பதா? மூன்றுக்கும் ஆள் இருக்கிறது, மூன்றுக்கும் எதிர்ப்பும் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருளே அதுதான். கூட்டத்தைக் கீழே பார்க்கிங்கில், அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். டேப்பை வாட்ச்மேன் எடுத்து வருவார்.

நன்றி, வணக்கம்.