பச்சோந்தி கூண்டுக்கு எந்த பல்பு, எவ்வளவு உயரத்துல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வெய்ல்டுங்கறது தலையில உயரமான கொண்டை உள்ள ஒரு பச்சோந்தி வகை, யுவிபிங்கறது வெயில்ல இருக்கிற ஒரு புற ஊதாக் கதிர். இப்ப வந்த கேள்வியை அப்படியே படிச்சிடறேன். "வெய்ல்டு பச்சோந்தி, ஆண், 1 வயசு ஆகுது. கூண்டு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம், எல்லாப் பக்கமும் வலை. மேல் வலை மேலயே 100 வாட் ஸ்பாட் பல்பு வச்சிருக்கேன், பக்கத்துல சுருள் மாதிரி இருக்கிற யுவிபி பல்பு. பகல் முழுக்க மேல் வலையைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குது. கொண்டை நுனியில பழுப்பா ஒரு திட்டு வந்திருக்கு. ராத்திரிக்கு சிவப்பு பல்பு போடணுமா?"

அந்தத் திட்டைத்தான் முதல்ல கவனிக்கணும். நீங்க சொல்ற அமைப்புல அது சூட்டுக் காயமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்னைக்கே அந்த 100 வாட் பல்பை அணைச்சிடுங்க. ஊர்வன பாக்குற கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. நீங்களா எந்த மருந்தும் தடவ வேண்டாம். பச்சோந்தி சூட்டுக் காயம் மொதல்ல சின்னதா தெரியும், சில நாள் கழிச்சுத்தான் கருத்து, உரிஞ்சு, எவ்வளவு ஆழம்னு தெரிய வரும்.

சூடு பட்டா அது நகராதான்னு கேப்பீங்க. நகராது, அதுக்குக் காரணம் இருக்கு. காலையில உடம்பு குளிர்ந்து இருக்கும். உடம்பு முழுசும் சூடேறுற வரைக்கும் அது பல்பை விட்டு விலகாது. ஆனா கொண்டை நுனியும் முதுகு முகடும் பல்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, மெல்லிசான இடம். உடம்பு "போதும்"னு சொல்றதுக்குள்ள நுனி வெந்துடும். அதனால கொஞ்ச இடத்துல குவியுற கடுமையான சூடு வேண்டாம். பரவலா விழற மிதமான சூடுதான் வேணும்.

இந்தக் கேள்விக்கு மட்டும் இல்ல, வாட் எத்தனைன்னு கேக்குற எல்லாருக்கும் சொல்றேன்: பல்பு அட்டையில இருக்கிற நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. பச்சோந்தி உக்கார்ற கிளையில, அதோட முதுகு எந்த உயரத்துல வருமோ அந்த இடத்துல என்ன அளவு இருக்குன்னு பாருங்க. சூட்டுக்கும் அதே இடம், யுவிபிக்கும் அதே இடம்.

இப்ப எப்படி மாட்டணும்னு பாப்போம். மேல் வலையிலேருந்து 9 அங்குலம் கீழ, குறுக்கால ஒரு கிளை கட்டுங்க. பச்சோந்தி உக்கார்ந்தா முதுகு 2, 3 அங்குலம் மேல வரும், அப்ப வலைக்கும் முதுகுக்கும் 6, 7 அங்குலம் இடைவெளி கிடைக்கும். சூட்டுக்கு 60 வாட் போதும், ஸ்பாட் வேண்டாம், வெளிச்சம் அகலமா விழற ஃப்ளட் பல்பு வாங்குங்க. பீங்கான் ஹோல்டர்ல போடுங்க, பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். இந்தப் பச்சோந்தி வலையில தொங்குற பழக்கம் உள்ளதுனால பல்பை வலை மேல நேரா உக்கார வைக்காம 2, 3 அங்குலம் தூக்கி மாட்டுங்க. பல்பு எக்காரணம் கொண்டும் கூண்டுக்குள்ள வரக் கூடாது.

அப்புறம் டிஜிட்டல் தெர்மாமீட்டரோட வயர் நுனியை, கிளைக்கு 2, 3 அங்குலம் மேல, முதுகு வர்ற இடத்துல கட்டி வச்சு, பல்பு எரிஞ்சு 1 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கூண்டுச் சுவத்துல ஒட்டுற வட்ட முள் மீட்டரை நம்ப வேண்டாம். வளந்த ஆண் வெய்ல்டுக்கு 29, 30 டிகிரி செல்சியஸ் சரி. பெண்ணுக்கு 27 போதும், சூடும் தீனியும் கூடினா அளவுக்கு மீறி முட்டை வைக்கும், அது அதோட உயிருக்கே ஆபத்து. குட்டிகளுக்கும் 27ஐத் தாண்ட விடாதீங்க, அதுங்க உடம்பு சின்னது, சீக்கிரம் சூடேறி நீர் வத்திடும். அளவு கூடினா பல்பைத் தூக்குங்க, இல்லைன்னா டிம்மர் வச்சுக் குறைங்க. அறையே 29, 30 டிகிரி இருக்குன்னா சூட்டு பல்பே வேண்டாம்.

மீட்டர் சரியா காட்டினாலும் விலங்கையும் பாருங்க. உடம்பைத் தட்டையாக்கி, ஒரு பக்கத்தை மட்டும் கருப்பாக்கி விளக்குப் பக்கம் திருப்பினா சூடு வாங்குதுன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல நிறம் தெளிஞ்சு இலைக்குள்ள போயிடணும். வெளுத்துப் போய் வாயைத் திறந்து வச்சிருந்தா சூடு அதிகம்.

அடுத்து யுவிபி. அந்தச் சுருள் பல்பை எடுத்திடுங்க. அது கிட்டத்துல கடுமையா இருக்கும், கொஞ்சம் விலகினா ஒண்ணுமே இருக்காது. பச்சோந்தி கிளையில நீளவாக்குல உக்கார்ற உயிர், தலையில படுறது வால்ல படணும். அதனால டி5 ஹெச்ஓ (மெல்லிசான, திறன் கூடுதலான வகை) நீளக் குழல், 24 வாட், ரிஃப்ளெக்டர் உள்ள ஃபிட்டிங். யுவிபி 5 சதவீதம் இல்லைன்னா 6 சதவீதம்னு போட்டிருக்கறதா வாங்குங்க. முதுகு உயரத்துல யுவி இன்டெக்ஸ் (புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமைன்னு சொல்ற எண்) 3 வரணும், மேல சொன்ன 9 அங்குலக் கிளைக்கு இந்தக் குழல் சுமாரா அந்த அளவைக் கொடுக்கும். அதை அளக்கிற சோலார்மீட்டர் 6.5ங்கற கருவி கிடைச்சா வச்சுப் பாத்திடுங்க. 10, 12 சதவீதக் குழல் இந்த உயரத்துக்குக் கூடுதல்.

குழலை சூட்டு பல்புக்குப் பக்கத்துலயே வைங்க, ரெண்டும் ஒரே கிளையில விழணும். யுவிபி பட்டு தோல்ல உருவாகுறது வைட்டமின் டி3க்கு முந்தின நிலைதான், அது டி3யா மாற உடம்புச் சூடு வேணும். டி3 இல்லைன்னா நீங்க கொடுக்கிற கால்சியம் உடம்புல சேராது. தாடை ரப்பர் மாதிரி ஆகுறது, கால் வளையறது, நாக்கு நீளாம போறதெல்லாம் அதனாலதான். அதே நேரம் கூண்டுல பாதிக்கு மேல அடர்த்தியா செடி இருக்கட்டும். எவ்வளவு வெயில் வேணும்னு அதுவே முடிவு பண்ணி ஒதுங்க நிழல் வேணும்.

குழலுக்கும் கூண்டுக்கும் நடுவுல கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வேண்டாம், யுவிபி உள்ள வராது. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலும் கணக்குல வராது. குழல் 1 வருஷத்துல மாத்தணும். வெளிச்சம் புதுசு மாதிரியே இருக்கும், யுவிபி மட்டும் குறைஞ்சிருக்கும். வாங்கின தேதியை ஃபிட்டிங் மேலயே எழுதி வைங்க.

ராத்திரிக்கு சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம். அந்தச் சிவப்பு அதுக்குக் கண்ணுல தெரியும், தூக்கம் கெடும். ராத்திரி முழு இருட்டு, 20 டிகிரிக்குக் கீழ இறங்கினா இன்னும் நல்லது. அறை 15க்குக் கீழ போனா மட்டும், வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டரை, சூட்டைத் தானா கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டோட கூண்டுக்கு வெளியே வைக்கலாம்.

யுவிபி 12 மணி நேரம், டைமர்ல. சூட்டு பல்பு காலையில 3, 4 மணி நேரம் போதும். தண்ணி தெளிக்கிறதை சூட்டு பல்பு எரியறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க, சூடான கண்ணாடியில துளி பட்டா வெடிக்கும். வயரை பிளக் மட்டத்துக்குக் கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேல ஏத்துங்க, வழியற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்குப் போகாது.