நூலகத்தில் படம் போடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் நூலகங்களில் ஒரு யோசனை தலைகாட்டும். கதை சொல்லல் நடத்தியாயிற்று, ஓவியப் போட்டியும் நடத்தியாயிற்று, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டால் என்ன? புரொஜெக்டர் இருக்கிறது, சுவர் இருக்கிறது. டிவிடியோ பென்டிரைவோ வாசகர் வட்டத்தில் யாரிடமாவது கிடைத்துவிடும். டிக்கெட் கிடையாது, சுண்டல்கூட இலவசம். நூலகத் துறையில் இருந்தவன் என்பதால் என்னிடம் இதைப் பேச வருகிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் கேள்வியாகக் கேட்பதில்லை. "காசு வாங்கலையே சார், அப்புறம் என்ன?" என்று பதிலையும் கையோடு கொண்டுவந்து விடுவார்கள்.

காசு வாங்காதது நல்ல விஷயம்தான். ஆனால் நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் அங்கிருந்து தொடங்கவில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, திரைப்படத்தின் உரிமையாளருக்கு மட்டும் உரியவை எவை என்று சொல்கிறது. பிரதி எடுப்பது, விற்பது அல்லது வாடகைக்கு விடுவது, பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் நம் விவகாரம். பொதுமக்கள் பார்க்கவோ கேட்கவோ நீங்கள் வழி செய்தாலே அந்த உரிமையைத் தொட்டுவிட்டீர்கள். கட்டணம் வாங்கினீர்களா என்ற கேள்வி அந்த இடத்தில் எழுவதே இல்லை.

யார் பொதுமக்கள் என்ற சண்டை 1989இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேபிள் டிவி பரவத் தொடங்கிய காலம். ஓரிடத்தில் வீடியோவில் படத்தை ஓடவிட்டு ஒயர் வழியாக வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டுக்குள் குடும்பத்தோடு பார்ப்பது எப்படிப் பொதுக்காட்சி ஆகும் என்பது கேபிள்காரர்களின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உட்கார்ந்து பார்க்கும் இடம் வீடாக இருக்கலாம், ஆனால் பார்ப்பவர்கள் படம் போடுகிறவரின் சொந்தக்காரரோ விருந்தாளியோ இல்லை, ஊர்மக்கள்தான் என்றது. வீட்டுக்குள் பார்த்ததே பொதுக்காட்சி என்றால், யாரும் நுழையலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் பொது நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டமாகச் சேர்க்காமல் நாலு நாலு பேராகப் பார்க்கச் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்ற ஊரில் ஒரு வீடியோ கடைக்காரர் இதைத்தான் செய்தார். கடைக்குள் சின்னச் சின்ன அறைகள் தடுத்து, இரண்டு பேர் மூன்று பேராக வாடிக்கையாளர்களை உட்காரவைத்து, முன்பக்கம் இருந்த கருவியில் அவர்கள் கேட்ட கேசட்டைப் போட்டுக் காட்டினார். படக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறை சிறியதாக இருந்தாலும் கடைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், ஆகவே இது பொதுக்காட்சிதான் என்று தீர்த்துவிட்டது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

சரி, காசு கொடுத்து வாங்கிய அசல் டிவிடியே நூலகத்தில் இருக்கிறது, அதைப் போடக் கூடாதா? இங்கேதான் சட்டம் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் லாப நோக்கமில்லாத நூலகங்களுக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்தார்கள். முறையாக வாங்கிய பிரதியை அப்படிப்பட்ட நூலகம் லாபமில்லாமல் இரவல் கொடுத்தால் அது வணிக ரீதியான வாடகை ஆகாது. ஆக, அந்த டிவிடியை 30 வாசகர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம். அதே 30 பேரும் நூலகக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் அனுமதி வேண்டும்.

அடுத்தது விதிவிலக்குகள். 52ஆவது பிரிவில் நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறது. கல்வி நிறுவனம் தன் செயல்பாடுகளின் பகுதியாகப் படம் காட்டலாம், பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால் போதும். லாப நோக்கமில்லாத மன்றம் ஒலிப்பதிவுகளை ஒலிக்கவிடலாம். அமெச்சூர் நாடகக் குழு, காசு கொடுக்காத பார்வையாளர்கள் முன்னால் பிறருடைய நாடகத்தை நடிக்கலாம். கல்யாணச் சடங்கில் பாட்டுப் போடுவதற்குக்கூட அங்கே இடம் உண்டு. பொது நூலகம் தேடிக் கிடைக்காத புத்தகத்தைத் தன் பயன்பாட்டுக்காக 3 பிரதிகளுக்கு மிகாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் நினைத்துப் பார்த்த சட்டம், பொது நூலகம் இலவசமாகப் படம் காட்டுவதை நினைக்கவில்லை. உங்கள் வாசகர் வட்டம் ஒரு நாடகத்தை ஒத்திகை பார்த்து மேடையேற்றலாம், அதையே படமாக எடுத்தவரின் படத்தைத் திரையிட முடியாது.

தமிழ்நாட்டில் இது இன்னும் விசித்திரம். இங்கே பொது நூலகங்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழேதான் இருக்கின்றன. அதே துறை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா நடத்துகிறது. பள்ளி வளாகத்துக்குள் மாணவர்களுக்குக் காட்டும்போது விதிவிலக்கு குடை பிடிக்கிறது. பக்கத்துத் தெருக் கிளை நூலகத்தில் அதே பிள்ளைகள் சனிக்கிழமை வந்து உட்கார்ந்தால் குடை இல்லை. பள்ளியே தன் நிகழ்ச்சியாக நடத்தி, நூலகம் கூடத்தை மட்டும் கொடுத்து, பார்வையாளர்களும் அந்தப் பள்ளி ஆட்களாகவே இருந்தால் விதிவிலக்குக்குள் வர வழி இருக்கிறது என்பது என் வாசிப்பு. தெருவில் போகிறவரும் உள்ளே வந்து உட்கார்ந்தால் போயிற்று. சட்டத்தைத் திருத்தி, கல்வி நிறுவனத்துக்குக் கொடுத்ததைப் பொது நூலகத்துக்கும் கொடுக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். அது நடக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மீறினால் என்ன? 63ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் பதிவு செய்து குறைக்கலாம். காசு வாங்காததற்கு மரியாதை கிடைப்பது இந்த இடத்தில்தான், அதாவது மாட்டிக்கொண்ட பிறகு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பொறுப்பில் இருக்கும் நூலகர் அரசு ஊழியர், தலைவலி அவர் பெயரில்தான் வரும்.

யாரிடம் கேட்பது? சட்டத்தின் கண்ணில் திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். இயக்குநர் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் வழக்கம் வேறு. நல்ல படம் எடுத்த இயக்குநரை வாசகர் வட்டத்துக்கு அழைப்போம், அவரும் பெருந்தன்மையாக, "தாராளமாப் போடுங்க சார்" என்பார். தயாரிப்பாளரும் அவரே என்றால் சரி. இல்லாவிட்டால் தன் கையில் இல்லாததைத்தான் கொடுத்திருக்கிறார். தயாரிப்பாளரைக் கண்டுபிடித்தாலும் கதை முடியாது. சாட்டிலைட் ரைட்ஸ் ஒருவரிடம் இருக்கும், டிஜிட்டல் ரைட்ஸ் இன்னொருவரிடம். பழைய படமானால் நெகட்டிவ் ரைட்ஸ் எனப்படும் மூல உரிமையே கைமாறிக் கைமாறி வந்திருக்கும். கம்பெனி மூடியிருக்கும், வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். நூலகங்கள் அனுமதி வாங்காமல் போவதற்குக் கட்டணம் காரணம் என்று நான் நம்பவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததுதான் காரணம்.

அமெரிக்காவில் சட்டம் நம்முடையதைவிடத் தாராளம் என்று சொல்லிவிட முடியாது. அங்கும் விதிவிலக்கு வகுப்பறைக்குத்தான், பொது நூலகத்தின் இலவசக் காட்சிக்கு இல்லை. ஆனால் தட்டுவதற்குக் கதவு இருக்கிறது. ஸ்வாங்க், எம்.பி.எல்.சி. போன்ற நிறுவனங்கள் பல ஸ்டுடியோக்களின் சார்பில் உரிமம் கொடுக்கின்றன. நூலகம் ஆண்டுக்கு ஒரு கட்டணம் கட்டினால் அந்த ஸ்டுடியோக்களின் படங்களை வருடம் முழுக்கப் போடலாம், இல்லையென்றால் ஒரே ஒரு படத்துக்கும் உரிமம் வாங்கலாம். நிபந்தனைகளும் உண்டு. ஆண்டு உரிமத்தில் நுழைவுக் கட்டணம் கூடாது. இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். படத்தின் பெயரை வெளியில் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. நூலகத்துக்குள் சுவரொட்டி ஒட்டலாம். பத்திரிகையிலோ வானொலியிலோ, 'சனிக்கிழமை குடும்பப் படம் உண்டு' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தியேட்டர்காரர் வயிற்றில் அடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் கதவுகளைச் சொல்கிறேன். திரைப்படப் பிரிவு, சிறுவர் திரைப்படச் சங்கம், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆகியவற்றை 2022இல் மத்திய அரசு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டது. நல்ல ஆவணப் படங்களும் குழந்தைகள் படங்களும் ஏராளமாக அங்கே இருக்கின்றன. முதல் கடிதத்தை அங்கே எழுதுவது புத்திசாலித்தனம். அடுத்தது, குறும்படமும் ஆவணப் படமும் எடுக்கும் நம் ஊர் இளைஞர்கள். பெரும்பாலும் அவர்களே தயாரிப்பாளர்கள், பார்க்க ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஓடிடி கணக்கு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மாதச் சந்தா கட்டுவது உங்கள் வீட்டுக்கு. நெட்ஃபிளிக்ஸ் தன் விதிமுறையில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தன்னுடைய ஆவணப் படங்கள் சிலவற்றைக் கல்வி நோக்கில் இலவசமாகத் திரையிட அதுவே அனுமதியும் தருகிறது. எந்தப் படத்துக்கு அனுமதி என்பதை அதன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். யூடியூபில் கிடக்கிறது என்பது அனுமதி ஆகாது. யாரோ ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய படங்களுக்கு வருவோம். இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வெளியான படத்துக்கு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கதை, வசனம், பாடல்வரி, இசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை அது உயிரோடு இருக்கும். கண்ணதாசன் காலமானது 1981இல். அவர் பாடல்வரிகளின் ஆயுள் 2041 வரை. புதிய படங்களிலும் இந்த முடிச்சு இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது. நூலகக் கூடம் தியேட்டர் இல்லை.

அதனால் கடிதத்தில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்: பாடல், இசை உள்பட இந்தத் திரையிடலுக்குத் தேவையான எல்லா உரிமையும் உங்களிடம் இருக்கிறதா? படத்தின் பெயர், இடம், தேதி, எத்தனை காட்சி, சுமார் எத்தனை பேர், கட்டணம் கிடையாது என்ற விவரம், விளம்பரத்தில் படத்தின் பெயரைப் போடலாமா என்ற கேள்வி, எல்லாம் அதில் இருக்கட்டும். சட்டம் உரிமத்தை எழுத்தில் கேட்கிறது, ஆகவே போனில் "சரி" என்றதை நம்பி நாற்காலி போடாதீர்கள். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் பெண்பார்க்கும் வீட்டில். இங்கே பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம், அடுத்த படத்தைத் தேட வேண்டியதுதான். தணிக்கைச் சான்றிதழையும் பார்த்துவிடுங்கள். 2023இல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ சான்றை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரும் இடத்தில் அது முக்கியம்.

இத்தனையையும் ஒவ்வொரு கிளை நூலகரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் புத்தகம் அடுக்குவாரா, தயாரிப்பாளரின் வாரிசைத் தேடுவாரா? சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, 1948இல். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். பொது நூலக இயக்ககம் ஒரே கையெழுத்தில், எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து, தயாரிப்பாளர்களிடம் பேசி உரிமம் வாங்கலாம். ஒரு நூலகம் கேட்டால் பதில் போடாத கம்பெனிகூட, 4,000க்கு மேற்பட்ட நூலகங்களின் சார்பில் ஒரு துறை கேட்டால் போனை எடுக்கும். வாங்கிய அனுமதிகளை ஒரு பட்டியலாக்கி, எந்தப் படம், எந்தத் தேதி வரை என்று எல்லா நூலகங்களுக்கும் அனுப்பிவிடலாம். தேதி முக்கியம். காலம் குறிப்பிடாத உரிமத்தைச் சட்டம் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் முதல் வருடம் 10 படங்கள் இருந்தால்கூடப் போதும், மாதம் ஒரு படம் என்றால் பரீட்சை மாதங்களைக் கழித்து ஓர் ஆண்டு ஓடிவிடும்.

நன்றி, வணக்கம்.