"நேரா நட" என்று சொல்வதற்கு முன்னால்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை, வானம் வேறு மூடிக்கொண்டு நிற்கிறது, அப்படியும் குழந்தைகளைக் கையோடு கூட்டிக்கொண்டோ யார் வீட்டிலாவது விட்டுவிட்டோ கே.கே. நகர் வரை வந்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. நான் பிசியோதெரபிஸ்ட். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வேலை பார்ப்பவள். ஆட்டிசம் பற்றிய கூட்டம் என்றாலே பேச்சு, பழகும் விதம், படிப்பு, இந்த மூன்றைச் சுற்றியே போகும். இன்று நான் நடையைப் பற்றிப் பேசப்போகிறேன். கால் எப்படித் தரையில் விழுகிறது, கை எங்கே நிற்கிறது, முதுகு ஏன் வளைகிறது, இதெல்லாம்.

உள்ளே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேச்சு வர்றப்போ வரட்டும்மா, இவன் நடையை மட்டும் கொஞ்சம் திருத்திக் குடுத்துடேன். ரோட்ல எல்லாரும் பாக்கறாங்க." அந்தப் பாட்டியின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் என் கருத்து உறுதியானது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி இருந்தால், தசை இறுகிப்போயிருந்தால், குழந்தை அடிக்கடி விழுந்தால், கட்டாயம் வைத்தியம் பார்க்க வேண்டும். ரோட்டில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையின் நடையைத் திருத்தப் போகக் கூடாது.

சரி, அந்த நடை எப்படி இருக்கும்? உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லாமலே தெரியும். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே போவது. கால்களை அகட்டி வைப்பது. கையை வீசாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, அல்லது முழங்கையை மடக்கி மணிக்கட்டை நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிடுவது. தலையைக் குனிந்து தோளை முன்னால் தள்ளி நடப்பது, சில பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது. எல்லோருக்கும் எல்லாமும் இருக்காது, எதுவுமே இல்லாதவர்களும் நிறையப் பேர். ஆய்வுக்கூடத்தில் கேமராவும் அழுத்தத்தை அளக்கும் தரைப்பலகையும் வைத்து அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: வேகம் கொஞ்சம் குறைவு, இரண்டு பாதங்களுக்கும் நடுவே அகலம் அதிகம், ஒவ்வொரு பாதமும் தரையில் இருக்கும் நேரம் அதிகம். இன்னொன்று, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள வித்தியாசமும் அதிகம். நமக்கெல்லாம் நூறு அடி நடந்தாலும் ஏறக்குறைய ஒரே அச்சில் விழும், இவர்களுக்கு ஒவ்வொரு அடியும் கொஞ்சம் புதிதாக விழுகிறது.

இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் கிடையாது. 1943இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற பெயரோடு வந்த முதல் பெரிய மருத்துவப் பதிவு. அதிலேயே, சில குழந்தைகளின் நடையில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது, ஆனால் விரல் வேலையில் கெட்டிக்காரர்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டிலும் வித்தியாசமான நடை, நுனிக்கால் நடை பற்றி ஒரு குறிப்பு உண்டு. ஆனால் ஆட்டிசத்தை உறுதி செய்யும் அளவுகோல்களுக்குள் நடை வரவில்லை, கூடவே இருக்கக்கூடியது என்ற வரிசையில் நிற்கிறது. அளவுகோலில் இல்லாததை யாரும் கேட்பதில்லை. அதன் விளைவு என்ன தெரியுமா? அமெரிக்காவில் அஞ்சனா பட் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் நிரப்பிக் கொடுத்த படிவங்களின்படி 86.9 சதவீதக் குழந்தைகளுக்கு உடல் இயக்கத்தில் சிரமம் இருக்க வாய்ப்பு உண்டு என்று வந்தது. பிசியோ கிடைத்துக்கொண்டிருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கு. அங்கேயே அப்படி. இங்கே ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று வாரம் முழுக்க அலையும் அம்மாக்களிடம் "பிசியோ பார்த்தீர்களா" என்று கேட்டால், "கால் நல்லாத்தானே இருக்கு டாக்டர்" என்பார்கள். கால் நன்றாகத்தான் இருக்கிறது. காலுக்கு உத்தரவு கொடுக்கிற இடத்தில்தான் வேலை வேறு மாதிரி நடக்கிறது.

நடப்பதற்கு மூளைக்கு மூன்று வழியில் செய்தி போக வேண்டும். கண் சொல்வது ஒன்று. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வது ஒன்று. மூன்றாவது, தசையும் மூட்டும் சொல்வது: கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது இல்லையா, அந்த உணர்வு. இந்த மூன்றையும் சேர்த்து, அடுத்த அடியை எங்கே வைக்கலாம் என்று நேரம் பார்த்து ஒழுங்குபடுத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. ஆட்டிசத்தில் சிறுமூளை வேறுபட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2004இல் பிட்ஸ்பர்கில் நான்சி மின்ஷூ குழுவினர் 5 முதல் 52 வயது வரை உள்ளவர்களை நிற்க வைத்து, நிற்கிற தரையையும் கண் முன்னால் உள்ள காட்சியையும் அசைத்து, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நிற்கும் சமநிலை தாமதமாகத்தான் வளர்கிறது, மற்றவர்களுக்குச் சுமார் 5 வயதில் தொடங்கும் முன்னேற்றம் இவர்களுக்கு 12 வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது, பெரியவர்கள் ஆன பிறகும் மற்றவர்களின் அளவை எட்டவில்லை என்று வந்தது. காலுக்கு அடியில் இருந்து வரும் செய்தி குழம்பியபோதுதான் ஆட்டம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள், காலை அகட்டி வைப்பதும், மெதுவாக வைப்பதும், கையை உடம்போடு ஒட்டிக்கொள்வதும் எதற்காக? விழாமல் இருக்க அந்த உடம்பு தானாகவே கண்டுபிடித்த வழி அது. மூட்டு அளவுக்கு மீறி வளையும் தன்மையும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகமாகவே காணப்படுகிறது. மூட்டு தளர்வாக இருந்தால் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கவே தசை கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தக் குழந்தை மேசையில் சரிந்து உட்கார்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுகிறோம், அது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம்.

நுனிக்கால் நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். நடை பழகும் எந்தக் குழந்தையும் கொஞ்ச நாள் நுனிக்காலில் போய்ப் பார்க்கும். 2 வயது தாண்டியும் தொடர்ந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். 2019இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் விடாத நுனிக்கால் நடை பதிவாகியிருந்தது, மற்ற குழந்தைகளில் அது அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது, ஆனால் தொடு உணர்வுக்கு அதில் பங்கு இருக்கிறது என்று என் வேலையில் தினமும் தோன்றுகிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பிரகாரத்தில் நம் எல்லோர் நடையும் எப்படி இருக்கும்? வக்கீலும் வங்கி மேனேஜரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். சில குழந்தைகளுக்கு வீட்டு மொசைக் தரையே அப்படித் தாங்க முடியாமல் இருக்கலாம். வேறு சில குழந்தைகளுக்கு நேர் எதிர், கெண்டைக்காலில் விழும் அந்த அழுத்தம் பிடித்திருப்பதால் தேடிப்போய் அப்படி நடப்பார்கள்.

இதில் கவலைப்பட வேண்டிய இடம் எது? வருடக்கணக்கில் குதிகால் இறங்காமலே இருந்தால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் குட்டையாகிவிடும், அப்புறம் குழந்தை நினைத்தாலும் பாதத்தைப் பதிக்க முடியாது. வீட்டில் ஒரு சின்னச் சோதனை: குழந்தை படுத்திருக்கும்போது முழங்காலை நீட்டி வைத்து, பாதத்தை மெதுவாக முகத்தை நோக்கி மடக்கிப் பாருங்கள். செங்கோணத்தைத் தாண்டித் தாராளமாக வந்தால் நல்லது. அங்கேயே நின்றுவிட்டால் எங்களிடம் வாருங்கள். நீட்டும் பயிற்சி, கணுக்காலையும் பாதத்தையும் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஏ.எஃப்.ஓ. பட்டை, சில வாரம் மாற்றி மாற்றிப் போடும் மாவுக்கட்டு, கடைசியாகத்தான் அறுவை சிகிச்சை. அடுத்து இதைக் கவனமாகக் கேளுங்கள். இவ்வளவு நாள் பாதம் பதித்து நடந்த குழந்தை திடீரென்று நுனிக்காலுக்கு மாறினால், ஒரு கால் மட்டும் அப்படி இருந்தால், தரையிலிருந்து எழும்போது கையால் தொடையைப் பிடித்துப் பிடித்து ஏறினால், "ஆட்டிசம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். தசைச் சிதைவு நோயோ பெருமூளை வாதமோ முதுகுத்தண்டுப் பிரச்சினையோ இருக்கலாம், உடனே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது, முட்டுக்காட்டில் பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம் என்.ஐ.ஈ.பி.எம்.டி. இருக்கிறது, இரண்டும் அரசு இடங்கள்.

இப்போது பெரியவர்கள். ஆட்டிசம் பற்றிப் பேசும்போது நாம் ஏனோ 10 வயதோடு நிறுத்திவிடுகிறோம். என்னிடம் வரும் ஓர் இளைஞர், கம்ப்யூட்டர் வேலையில் நல்ல கெட்டிக்காரர், ஓ.எம்.ஆர். பக்கம் இன்டர்வியூவுக்குப் போகும்போதெல்லாம் கதவிலிருந்து நாற்காலி வரை உள்ள தூரத்தைத்தான் முதலில் ஒத்திகை பார்ப்பார். கை வீச வேண்டும், தோளை இறக்க வேண்டும், குதிகால் முதலில் விழ வேண்டும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்து உட்கார்ந்தால், கேட்கப்பட்ட முதல் கேள்வி காதில் ஏறாது என்கிறார். அவர் பயம் வீண் பயம் கிடையாது. 2017இல் நோவா சாசன் குழுவினர் செய்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களைச் சில விநாடிகள் பார்த்தவர்களே அவர்களோடு பழக அவ்வளவாக விரும்பவில்லை. வீடியோவில் மட்டும் இல்லை, அசையாத ஒரு படத்தைக் காட்டினாலும் அதே கதை. ஆனால் அவர்கள் பேசியதை மட்டும் எழுத்தில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆகவே அவர்கள் சொல்வதில் ஒரு குறையும் இல்லை, சொல்லும் உடம்பைப் பார்த்துத்தான் நாம் விலகுகிறோம். இங்கே யாராவது ஆள் எடுக்கும் வேலையில் இருந்தால், தயவுசெய்து ஒருவர் உள்ளே நடந்து வரும் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். இரவில் ரோட்டில் ஒருவர் சாய்ந்து நடந்தால் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள், இது ரோந்துக் காவலர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த ஊர்த் தரையையும் பேசியாக வேண்டும். சமநிலைக்குக் கண்ணையே நம்பி நடக்கும் ஒருவரை ரங்கநாதன் தெருவில் தீபாவளி வாரத்தில் விட்டால் என்ன ஆகும்? பிளாட்பாரத்தில் பத்தடிக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி, ஒரு பள்ளம், ஏறி வரும் பைக். நடப்பவர்களை முன்வைக்கும் போக்குவரத்துக் கொள்கையை 2014இலேயே ஏற்றுக்கொண்ட மாநகராட்சி நம்முடையது. பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை திறந்தபோது, அங்கே மகனோடு நடந்த ஓர் அம்மா, "முதல் தடவையா அவன் என் கையை விட்டுட்டு நடந்தான்" என்றார். மகனுக்கு எந்தச் சிகிச்சையும் மாறவில்லை, தரைதான் மாறியது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் நடைபாதை கேட்கும்போது அதை உங்கள் குழந்தையின் தெரபிக் கணக்கில் சேர்த்தே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, தடையில்லாத பொது இடம் அதில் சொல்லப்பட்ட உரிமை.

பள்ளிக்கூடம். விளையாட்டு விழா மார்ச் பாஸ்ட்டில் கை கால் ஒத்து வரவில்லை என்று வெயிலில் நிற்க வைத்து மறுபடி மறுபடி நடக்க விட்ட குழந்தைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பி.டி. சாரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம், ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். கொடி பிடிக்கலாம், டிரம் அடிக்கலாம், விருப்பம் இல்லையென்றால் உட்கார்ந்து பார்க்கலாம். வீட்டில் உடம்புக்கு வேலை கொடுங்கள்: நீச்சல், ஊஞ்சல், மாடிப்படி, பெசன்ட் நகர் மணலில் செருப்பில்லாமல் நடப்பது, குழந்தைக்கு மணல் பிடித்திருந்தால் மட்டும். உடம்பு பலப்பட்டால் நடையும் தன் அளவில் கொஞ்சம் மாறும், மாறாவிட்டாலும் அந்தக் குழந்தை களைப்பில்லாமல் பஸ் ஸ்டாப் வரை போகும். எனக்கு அது போதும். நடக்கும்போது "நேரா நட, நேரா நட" என்று பின்னாலிருந்து சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் ஒருவருக்கு உங்கள் குரல் இன்னொரு சுமை.

கேள்விகளுக்கு வந்துவிடலாம். குழந்தை தினமும் போட்ட பழைய ஷூவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முன்பக்கம் மட்டும் தேய்ந்து குதிகால் புதிதாகவே இருக்கிறதா, உள்பக்கம் சரிந்திருக்கிறதா, இரண்டு காலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் நிறையத் தெரிந்துவிடும். கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள். பாட்டி, நீங்களும் பேரனோடு முன்னால் வந்து உட்காருங்கள்.