நடைவண்டிக்கு ட்யூப் மாட்டியாச்சு!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், என் மகள் பட்டு உள்ளே தூங்குகிறாள். மணி ஒன்றே முக்கால். எப்படியும் ஒரு மணி நேரம் கிடைக்கும். பின்னால் தெரிகிற குக்கர் மூடி, அரிசிப் படி, ஒற்றைச் செருப்பு எதையும் நான் எடுத்து வைக்கவில்லை. எழுந்ததும் அவளுக்கு அதெல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் தேட ஆரம்பித்துவிடுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைக் காட்டத்தான் ரெண்டு நாளாகத் துடித்துக்கொண்டிருக்கிறேன். நடைவண்டி! கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், தெரிகிறதா? வண்டியைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். மரச் சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறதல்லவா? அதுதான் இன்றைய வீடியோ.

போன மாதம் நாற்காலி வீடியோ பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பட்டு பதிமூன்றாம் மாதத்தில் நடந்தாள், பதினேழில் ஓடினாள், இப்போது தள்ளுகிறாள். எதைப் பார்த்தாலும் தள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி, சிலிண்டர் ட்ராலி. அரிசி டிரம்மை மட்டும் இன்னும் நகர்த்த முடியவில்லை, ஆனால் தினமும் ஒரு தடவை முயற்சி செய்கிறாள். எங்கள் வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். அதில் நாற்காலியைத் தள்ளினால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்கே தெரியும். பல் கூசும்.

நாங்கள் இருப்பது மாடி. கீழே வீட்டுக்கார அம்மா. வயதானவர், மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டுப் படுப்பார். முதல் தடவை மேலே வந்து, "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்றார். இரண்டாவது தடவை ஒன்றுமே சொல்லவில்லை. கதவருகில் நின்று பட்டுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினேன். பத்து நிமிடத்தில் உருவிவிட்டாள். நாற்காலிகளை எடுத்துக் கட்டிலின் மேல் அடுக்கினேன். கட்டிலில் ஏற ஆரம்பித்தாள், அது இன்னும் மோசம். அப்புறம்தான் உறைத்தது: இவள் தள்ளுவதை நிறுத்தப் பார்ப்பது தப்பு, தள்ளுவதற்கென்று ஒன்றைக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும். மூன்று மணி நேரம்! அதை நாற்காலியோடு செய்தால் கீழே இருப்பவர் என்ன ஆவார்?

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், உங்கள் வீட்டில்தான் வாக்கர் இருக்கிறதே என்று. இருக்கிறது, பரண் மேலே. வட்டமாக, நடுவில் பிள்ளையை உட்கார வைக்கிற அந்த பிளாஸ்டிக் வாக்கரைச் சொல்கிறேன். பாசத்தோடு கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, பொருள்தான் எனக்கு ஆகாது. கனடாவில் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். அதில் உட்கார்ந்த பிள்ளை நாம் நினைப்பதைவிட வேகமாக நகரும். படிக்கட்டு பக்கம் போய்விடும், எட்டாத உயரத்தில் வைத்த சூடான டம்ளர் எட்டிவிடும். நடையைச் சீக்கிரம் கற்றுக்கொடுப்பதும் இல்லை. நடைவண்டி அப்படி இல்லை. பிள்ளை வெளியே நிற்கிறது, தன் காலில் நிற்கிறது, தானே பிடித்துத் தள்ளுகிறது. வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போகலாம். அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, வாங்கிய கதை. மீனாட்சியம்மன் கோயில் பக்கம்தான் போனோம். முன்பு புது மண்டபத்துக்குள் இருந்த கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, அங்கே முதலில் ஒரு சுற்று. நான் வாங்கியது அங்கே இல்லை, வீதியில் ஒரு கடையில். எழுநூற்றைம்பது என்றார். நான் நானூற்றைம்பது என்றேன். அவர் வண்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நான் நகர்ந்தேன். பட்டு நகரவில்லை! கடை வாசலில் இன்னொரு நடைவண்டியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரருக்கு அப்புறம் என்ன கவலை? அறுநூற்றைம்பது என்று வந்து நின்றார். இவள் அப்பா பர்ஸை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, ஐநூற்றைம்பதுக்கு முடித்தேன். இருநூறு ரூபாய் குறைத்திருக்கிறேன் மக்களே. இருநூறு! பட்டுவுக்கு ஒரு வாரப் பழச் செலவு அது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொம்மைக் கடைக்குப் போகாதீர்கள். அளவு பார்க்க வேண்டுமென்றால் ஒரு குச்சியில் அவள் மார்பு உயரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், கைப்பிடி அந்த உயரத்துக்கு வந்தால் போதும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வண்டியைக் கையில் எடுத்ததும் உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்த்தேன், சிலாம்பு இருக்கிறதா என்று. கைப்பிடியின் அடியில் ஒன்று இருந்தது. அதை வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். 2021 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அதனால் கையால் செய்த மர வண்டியில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். நம் கையும் கண்ணும்தான் அங்கே முத்திரை.

அப்படித் தடவிப் பார்த்த நான் ஒரு இடத்தைப் பார்க்கவில்லை. கடையாணி.

சக்கரம் கழன்று வராமல் அச்சின் நுனியில் குறுக்கே ஒரு சின்ன மரக் குச்சி செருகியிருப்பார்கள், அதுதான் கடையாணி. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். வண்டி ஓடுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒரு சக்கரம் தனியாகக் கிடக்கிறது, பட்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது: விரலைக் குருட்டாம்போக்கில் வாய்க்குள் விட்டுத் துழாவக் கூடாது, உள்ளே தள்ளிவிடும். அவள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள், இருமல் இல்லை. நான் கத்தவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் வாயைத் திறந்து "ஆ" என்று காட்டினேன். அவளும் "ஆ" என்றாள். குச்சி நாக்கின் மேல் இருந்தது. கன்னத்தைப் பிடித்துத் தலையைக் குனிய வைத்தேன், எச்சிலோடு என் கையில் விழுந்தது. என் சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்தான் இருக்கும். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள், அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக இறங்குகிற எந்தத் துண்டும் அந்தப் பொம்மையில் இருக்கக் கூடாது, கழன்றும் வரக் கூடாது. பழைய கேமரா பிலிம் டப்பா ஏறக்குறைய அந்த அகலம்தான். என் அப்பா வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து சமையலறை மேடையில் வைத்திருக்கிறேன். புளியங்கொட்டை, பேனா மூடி, ரிமோட்டின் பேட்டரி, முழுத் திராட்சை எல்லாம் உள்ளே போய்விடுகிறது. உங்கள் வீட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தெருமுனை ஆசாரியிடம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று சக்கரத்திலும் மரக் கடையாணியை எடுத்துவிட்டு, அச்சில் துளை போட்டு, திருகாணியும் வாஷரும் லாக் நட்டும் போட்டுக் கொடுத்தார். இழுத்துக் காட்டுகிறேன், பாருங்கள். அசைகிறதா? அசையாது. கூலி அறுபது ரூபாய். பேரம் பேசவில்லை. அந்த மனிதரிடம் நான் ஏன் பேரம் பேச வேண்டும்?

இப்போது ட்யூப். நடைவண்டி வந்ததும் நாற்காலிச் சத்தம் நின்றது என்று நினைத்தேன். மரச் சக்கரம் டைல்ஸில் ஓடினால் அதைவிடச் சத்தம்! டைல்ஸ் இணைகிற கோடு ஒவ்வொன்றிலும் "டக்" என்று ஏறி இறங்கும். அதோடு வண்டி வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடிவிடும், இவள் குப்புற விழுவாள். மேல் உதட்டில் சின்னதாக ஒரு வெட்டு, நேற்றைய ஷார்ட்ஸில் பார்த்து எல்லோரும் கேட்டீர்களே, அது இதனால்தான். அத்தைதான் போனில் யோசனை சொன்னார்கள், "முன்னாடி ஒரு கிலோ அரிசியைக் கட்டிவிடு, கனத்துக்கு மெதுவா போகும்" என்று. அரிசிப் பை நல்ல யோசனை, உண்மையாகவே வேகம் குறைந்தது. சத்தம் மட்டும் குறையவில்லை.

அப்புறம் பஞ்சர் கடை வாசலில் நின்றபோது எனக்கே தோன்றியது. பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று கேட்டு வாங்கினேன், சும்மாவே கொடுத்தார். கத்தரியால் இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டப் பார்த்தால் எட்டவே இல்லை. இழுத்தேன், இழுத்தேன், படீர் என்று அறுந்து கையில் அடித்தது. சக்கரம் நாலு அங்குலம், சைக்கிள் ட்யூப் அதற்குச் சின்னது. மறுபடி போய்ப் பைக் ட்யூப் கேட்டேன். இருபது ரூபாய். சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு பக்கம் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு மறுபக்கம் கரண்டிக் காம்பால் நெம்பி ஏற்ற வேண்டும். முதல் சக்கரத்துக்கு இருபது நிமிடம், கடைசிச் சக்கரத்துக்கு மூன்றே நிமிடம். காய்ந்ததும் பிடித்துக்கொண்டது, பசையே தேவையில்லை. ஓரத்தை மட்டும் நன்றாக நறுக்கிவிடுங்கள், தொங்கினால் பிள்ளை கடித்து இழுக்கும்.

ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை! தரையைப் பிடித்துக்கொண்டு அவள் தள்ளுகிற அளவுக்கு மட்டும் போகிறது. அரிசிப் பையையும் அவிழ்த்துவிட்டேன். ஐநூற்றைம்பது, அறுபது, இருபது, மொத்தம் அறுநூற்று முப்பது. கடைக்காரர் முதலில் சொன்ன விலையைவிடக் குறைவுதான். நேற்று மத்தியானம் முழுக்க வண்டி ஓடியது. சாயங்காலம் பருத்திப்பால் வண்டிக்காரர் குரல் கேட்டு இவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வீட்டுக்கார அம்மா வாசலில் இருந்தார். "பிள்ளை ஊருக்குப் போயிருந்துச்சோ? சத்தத்தையே காணோமே" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அவருக்கும் சேர்த்து ஒரு பருத்திப்பால் வாங்கினேன்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் தமிழாசிரியராக இருந்தவர். "பட்டுவுக்கு எத்தனை மாதம்?" என்றார். இருபத்தொன்று என்றேன். "சரியாத்தான் இருக்கு, அது சிறுதேர்ப் பருவம்" என்றார். கடவுளையோ பெரியவர்களையோ குழந்தையாக நினைத்துப் பாடுகிற பிள்ளைத்தமிழில் மாதக் கணக்கு இருக்கிறதாம். பதினேழாம் மாதம் சிற்றில், அதாவது சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைச் சிதைப்பது, பத்தொன்பதில் சிறுபறை கொட்டுவது, இருபத்தொன்றில் சிறுதேர் உருட்டுவது. நினைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. பதினேழில் நான் அடுக்கிய டப்பாக்களையெல்லாம் சரித்தாள், பத்தொன்பதில் சில்வர் தட்டும் கரண்டியும். அந்தக் கணக்குப் போட்டவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்.

ஆனால் ஒன்றில் எனக்குச் சண்டை. இந்த மூன்றும் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்காம். பெண் பிள்ளைக்குக் காயைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற அம்மானை, நீராடல், ஊசல். ஊசல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தூளியில் போட்டு ஆட்டினால்தான் இவள் தூங்குவாள். தேரையும் கொடுங்கள் என்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே, "நீதான் கொடுத்துட்டியே" என்றார்.

அடுத்த வீடியோவில் ட்யூப் வெட்டுவதை நிதானமாகக் காட்டுகிறேன், எந்த அளவு சக்கரத்துக்கு எந்த ட்யூப் என்று நிறையப் பேர் கேட்பீர்கள்... கொஞ்சம் இருங்கள். தூளி ஆடுகிற சத்தம் நின்றுவிட்டது. எழுந்துவிட்டாளா? வண்டியை இங்கேதானே வைத்தேன், இதோ இப்போதுதானே உங்களுக்குக் காட்டினேன்... காணோம். முன்பெல்லாம் டக் டக் என்று கேட்கும், எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியும். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. நான் போய்ப் பார்க்கிறேன் மக்களே.